உங்கள் தெருவின் திட்டத்தைப் படிப்பது எப்படி? சென்னையில் நகரமைப்புக்குள் புதிதாக நுழைவோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் பெரும்பாலானோர் நகரமைப்பைப் பற்றி முதன்முதலாக யோசிப்பது, பக்கத்து மனையைச் சுற்றித் தகர வேலி எழும்பும்போதுதான். இங்கே எத்தனை மாடி வரும்? கழிவுநீர் எங்கே போகும்? இத்தனை காலம் மழைத் தண்ணீர் இந்த மனையில்தானே தேங்கி வடிந்தது, இனி அது யார் வீட்டுக்குள் போகும்? எல்லாமே சரியான கேள்விகள். கேட்கும் நேரம்தான் பிந்திவிட்டது. அந்த மனையின் நிலப் பயன்பாடு, முன்னுள்ள சாலையின் அகலம், எவ்வளவு கட்டலாம் என்ற அளவு எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வரைபடத்திலும் ஒரு விதித் தொகுப்பிலும் எழுதி முடிக்கப்பட்டுவிட்டன.

திட்டம் தாளில் இருக்கும்போதே அதைப் படிக்கவும் திருத்தச் சொல்லவும் விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. சொந்த வீடும் வேண்டியதில்லை. வாடகைக்குக் குடியிருப்பவருக்கும், நடைபாதையில் கடை போட்டிருப்பவருக்கும், ஆற்றங்கரையில் வசிப்பவருக்கும் இந்த நகரத்தின் திட்டத்தில் பங்கு உண்டு. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்குரிய பணிகளைப் பட்டியலிடும் 12-ஆவது அட்டவணையைக் கொண்டுவந்தது. அதில் முதல் இனமே நகரமைப்புதான்.

முதல் படி: தண்ணீரைப் பின்தொடர்ந்து நடங்கள்

சென்னை தட்டையான கடலோரச் சமவெளி. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடும். வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு, கடற்கரையை ஒட்டி இவற்றை இணைத்தபடி ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய், இன்னும் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், இவற்றுக்கெல்லாம் மேலே சங்கிலித் தொடராக ஏரிகள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரிநீர் வழிந்தோடும் வாய்) வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். எனவே இந்த ஊரில் எந்தத் திட்டத்தையும் தண்ணீரிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாலை, கட்டடம், பூங்கா எல்லாம் அதற்குப் பிறகு.

நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் கிளம்புங்கள். உங்கள் தெருவில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று எழுதுங்கள். மழைநீர் வடிகாலின் வாய் சாலை மட்டத்தைவிட மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே புதிய சாலை போட்டதால் வாசல்கள் பள்ளத்துக்குள் போன தெருக்கள் ஏராளம். வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அதன் முடிவு வரை நடந்து பார்ப்பது முக்கியம். சில வடிகால்கள் எங்கும் சேராமல் ஒரு சுற்றுச்சுவரில் முட்டி நின்றுவிடுகின்றன. அந்தச் சுவர் யாருடையது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆட்களிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எதுவரை வந்தது என்று இஸ்திரி போடுகிறவர், பெட்டிக்கடைக்காரர், கோயில் குருக்கள், பழைய ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரிடம் கேட்டால் கையால் உயரம் காட்டுவார்கள். அதை அங்கேயே அளந்து எழுதுங்கள். இப்படிச் சேர்த்த பத்துக் குறிப்புகள், பிற்பாடு நீங்கள் எழுதப்போகும் ஆட்சேபனைக் கடிதத்தின் முதுகெலும்பாக இருக்கும்.

அடுத்தது பழைய படங்கள். கூகுள் எர்த் செயலியில் முந்தைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளத்திலும் நில அமைப்பைப் பார்க்க முடியும். இன்னும் பின்னோக்கிப் போக விரும்பினால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சேப்பாக்கத்தில் உள்ள நில அளவைத் துறை அலுவலகத்தில் கிராம வரைபடங்கள் கிடைக்கும்.

பழைய படத்தையும் இன்றைய தெருவையும் ஒப்பிடுவது என்ன சொல்லித்தரும் என்பதற்குத் தியாகராய நகரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. மயிலாப்பூரின் நெடிய ஏரியும் அதை ஒட்டிய மாம்பலம் ஏரியும் கிடந்த நிலத்தில், 1920களில் நீரை வடித்துவிட்டு உருவாக்கப்பட்ட புதிய குடியிருப்பு அது. பனகல் பூங்காவை நடுவில் வைத்து அகலமான சாலைகள், விளையாட்டு மைதானங்கள், மனைகள் என்று அக்காலத்தின் சிறந்த நகரமைப்பு இலக்கணப்படி வரையப்பட்டது. சாலை அமைப்பில் இன்றும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏரியின் தாழ்வு நிலம் தாழ்வாகவேதான் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. ஒவ்வொரு பெருமழையிலும் அந்தப் பகுதித் தெருக்களில் தேங்கும் நீர், நூறாண்டுக்கு முன் எடுத்த ஒரு முடிவின் விளைவு.

இங்கே கோட்பாடு பற்றி ஒரு சிறு விலகல். வரைவதற்கு முன் ஊரை நடந்து அறிய வேண்டும், நோயைக் கண்டறிந்த பிறகே மருந்து என்ற கருத்தை நகரமைப்பில் ஊன்றியவர்களில் முதன்மையானவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவர் கொண்டுவந்த நகரமைப்புக் கண்காட்சிப் பொருட்கள் ஏற்றிய கப்பலை, அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசித் தாக்கிய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு அவர் மாகாணத்தின் ஊர்களை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல், மிகக் குறைந்த அளவே வெட்டி, காற்றும் வெளிச்சமும் வரச் செய்யலாம் என்பது அவர் வாதம். அவர் காட்டிய முதல் வேலை நடப்பதுதான். அதைத்தான் நீங்களும் இப்போது செய்திருக்கிறீர்கள்.

இரண்டாம் படி: நிலத்தின் தாள்களை எடுங்கள்

உங்களுக்குக் கேள்வி எழுப்பும் இடம் எதுவோ, அதன் புல எண்ணை (சர்வே நம்பரை) கண்டுபிடியுங்கள். பழைய நகரப் பகுதிகளில் பிளாக் எண்ணும் நகர நில அளவை எண்ணும் இருக்கும். புறநகரில் வருவாய்க் கிராமப் பெயரும் புல எண்ணும் உட்பிரிவும் இருக்கும். எண் கையில் வந்தால், தமிழக அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா விவரத்தையும், அ பதிவேட்டையும், புல வரைபடத்தையும் பார்க்கலாம். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதை வில்லங்கச் சான்று சொல்லும்.

இவற்றில் புதியவர்கள் தவறவிடுவது அ பதிவேடு. நிலம் பட்டாவா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா, ஓடையா, வாய்க்காலா, கழுவெளியா (சதுப்பு நிலம்), மேய்க்காலா (மேய்ச்சல் நிலம்), வண்டிப்பாதையா, நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்ற வகைப்பாடு அங்கேதான் இருக்கிறது. பக்கத்துப் புல எண்களையும் சேர்த்தே எடுங்கள். நடுவில் இருக்கும் மனை பட்டாவாக இருக்கும். அதன் இருபுறமும் வாய்க்கால் புறம்போக்கு இருக்கும். இடையில் அந்த வாய்க்கால் எங்கே போயிற்று என்ற கேள்வி அப்போதுதான் கண்ணில் படும்.

பட்டா இருப்பதால் மட்டும் ஓர் இடம் நீர்வழி அல்ல என்று ஆகிவிடாது. தண்ணீர் பட்டா பார்த்து ஓடுவதில்லை. அதேபோல், புறம்போக்கில் குடியிருப்பதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இந்தத் தாள்களைப் படிக்கத் தொடங்கும் ஆர்வலர்கள் பலர், கையில் கிடைத்த பதிவேட்டைக் காட்டி எளியவர்களின் குடிசைகளை நோக்கி முதலில் கைநீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதே ஏரியின் மறுகரையில் சுற்றுச்சுவர் கட்டிய பெரிய வளாகத்தின் புல எண்ணையும் எடுத்துப் பார்க்கும் நேர்மை வேண்டும்.

மூன்றாம் படி: முழுமைத் திட்டத்தில் அந்த இடத்தைத் தேடுங்கள்

தமிழ்நாட்டில் நகரமைப்புக்கான அடிப்படைச் சட்டம் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குத் திட்டமிடும் பொறுப்பு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு உரியது, எல்லோரும் சி.எம்.டி.ஏ. என்றே சொல்கிறார்கள். எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று நகரம் முழுமைக்கும் நீண்டகாலத்துக்கு வகுப்பதே முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). முதலாவது 1975-இல் வந்தது. இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பர் 2-இல், 2026-ஐ இலக்காண்டாக வைத்து நடைமுறைக்கு வந்தது. அது 1,189 சதுர கிலோமீட்டரை உள்ளடக்கியது. 2011-இல் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியே 426 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், தாம்பரமும் ஆவடியும் பூந்தமல்லியும் இந்தத் திட்டத்துக்குள்தான் வருகின்றன. பெருநகர்ப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தும் அறிவிக்கை 2022-இல் வெளியானது.

குழுமத்தின் இணையதளத்தில் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்தால் நிலப் பயன்பாடு என்ன என்று காட்டும். முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, வேளாண்மை, நகர்ப்புறம் அல்லாத பகுதி என்று வகைகள் உண்டு. இவற்றுக்கு மேல், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கடற்கரையோர நிலத்தடி நீர் செறிவுப் பகுதி, பள்ளிக்கரணை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் போன்ற தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. வண்ண வரைபடத்தைக் கண்ணால் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். எல்லைக் கோட்டருகே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தரையில் ஒரு தெருவே மாறிவிடும். புல எண்ணை வைத்தே பாருங்கள்.

இப்போது முதல் படியில் வரைந்த தண்ணீர்க் குறிப்புகளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். நீர் நிற்கும் இடத்துக்குக் கலப்புக் குடியிருப்பு வண்ணம் தீட்டப்பட்டிருந்தால், உங்கள் வேலை எங்கே என்று தெரிந்துவிட்டது.

நான்காம் படி: நான்கைந்து எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். நீளமான ஆவணம், முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

தளப்பரப்புக் குறியீடு என்பது மனைப் பரப்பின் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு. உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்குப் பொதுவாக 2. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில், எல்லாத் தளங்களையும் சேர்த்து 4,800 சதுர அடி. 18.30 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்டது உயர்மாடிக் கட்டடம், அதற்கு 3.25 வரை போகலாம். கட்டணம் செலுத்திக் கூடுதல் குறியீடு வாங்கவும் வழி உண்டு, சாலையின் அகலத்தைப் பொறுத்து. ஆகவே ஒரு கட்டடத்தைப் பற்றிக் கேள்வி எழுந்தால் முதலில் டேப்பை எடுத்துச் சாலையை அளந்து பாருங்கள். தாளில் காட்டிய அகலம் தரையில் இருக்கிறதா? மாடி எண்ணிக்கையைப் பற்றிய சண்டைகளில் பாதி, இந்த ஒரு அளவில் முடிந்துவிடும்.

அடுத்தது திறந்தவெளி ஒதுக்கீடு. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொது வெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகச் செலுத்த இடம் உண்டு. அதற்கு மேல் போனால் நிலத்தையே தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய மனைப்பிரிவில் சாலைகள் போக 15,000 சதுர மீட்டர் இருந்தால், 1,500 சதுர மீட்டர் பொதுவுக்குச் சேர வேண்டும். அது ஆறு கிரவுண்டுக்கும் மேல்! குழந்தைகள் விளையாட இடமில்லை என்று புலம்பும் நகர்களில், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பூங்கா என்று எழுதிய இடம் ஒன்று இருக்கும். இன்று அங்கே என்ன நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். புதிதாக இந்தத் துறைக்குள் வருபவருக்கு, ஒரு பூங்கா நிலத்தைக் கண்டுபிடித்துத் திரும்பப் பெறுவதைவிட நல்ல முதல் முயற்சி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆவணம் தெளிவாக இருக்கும், எல்லோருக்கும் பயன்படும், யாரையும் வீடிழக்கச் செய்ய வேண்டியிருக்காது.

பக்க இடைவெளி (கட்டடத்துக்கும் மனையின் எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடம்), வாகன நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றையும் அதே விதித் தொகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: யாரிடம் கேட்பது?

நிலப் பயன்பாட்டுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். சிறு கட்டடங்களின் அனுமதி, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா ஆகியவற்றுக்கு மாநகராட்சி. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் குடிநீர் வாரியம். ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் நீர்வளத் துறை. நிலப் பதிவேடுகளுக்கு வட்டாட்சியர். முக்கியச் சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம். போக்குவரத்தை ஒருங்கிணைக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கும்டா என்ற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். வடிகாலில் கழிவுநீர் கலந்தால் மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் ஒன்றை ஒன்று காட்டும். அதனால் ஒரே கடிதத்தை இருவருக்கும் எழுதி, மற்றவருக்கு நகல் அனுப்பியதை இரண்டிலும் குறிப்பிடுங்கள்.

ஆறாம் படி: யார் தலையில் விடிகிறது என்று கேளுங்கள்

அளவுகளும் விதிகளும் தெரிந்துவிட்டால் மட்டும் திட்டத்தைப் படித்ததாகிவிடாது. ஒவ்வொரு கோடும் ஒருவருக்குக் கொடுக்கிறது, இன்னொருவரிடமிருந்து எடுக்கிறது. திட்டமிடுபவர் நடுநிலையான நிபுணர், பொதுநலன் என்ற ஒன்று இருக்கிறது, அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை உலகெங்கும் நெடுங்காலம் கோலோச்சியது. அமெரிக்கத் திட்டவியலாளர் பால் டேவிடாஃப் 1965-இல் அதை நேருக்கு நேர் மறுத்தார்: நீதிமன்றத்தில் இருப்பதுபோல் திட்டத்திலும் எளியவர்களுக்கென்று வாதாட ஆள் வேண்டும் என்றார். 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். கருத்துக் கேட்பது அதில் நான்காம் படிதான். முடிவெடுக்கும் அதிகாரம் மக்களிடம் வருவது கடைசிப் படி. நம் ஊரின் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எந்தப் படியில் நிற்கின்றன என்பதை ஒரு முறை போய் உட்கார்ந்து பார்த்தாலே சொல்லிவிடலாம்.

எந்தத் திட்டத்தைப் படித்தாலும் சில கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும் என்பேன்.

இடம்பெயர்வது யார், எவ்வளவு தூரம்? கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள், 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கில் குடியமர்த்தப்பட்டன. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட காலத்தில், குடியிருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது முக்கிய வழியாக இருந்தது. பின்னர் நகரின் எல்லைக்குத் தள்ளுவது வழக்கமாயிற்று. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வேலை மயிலாப்பூரில், வீடு பெரும்பாக்கத்தில் என்றால், அந்தப் பஸ் நேரமும் பஸ் காசும் அவர் கூலியிலிருந்து போகிறது. படிக்கும் பிள்ளையின் பள்ளி மாறுகிறது. வெள்ள அபாயம் என்று காரணம் சொல்லி ஆற்றங்கரையிலிருந்து எடுத்தவர்களைப் பள்ளிக்கரணையின் நீர்ப் பரப்பை ஒட்டிய தாழ்நிலத்தில் கொண்டுபோய் வைத்ததை எந்தக் கணக்கில் நியாயப்படுத்துவது? அவர்கள் அங்கேயும் வெள்ளத்தில் நிற்கிறார்கள்.

விதி யாருக்கு வளைகிறது? 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டப்பட்ட கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த, நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு முறை மட்டும் என்ற பெயரில் வந்தது பின்னர் நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ரத்து செய்தது. விதிப்படி இடம் விட்டுக் கட்டியவர் இழந்தார், மீறிக் கட்டியவர் வாடகை வாங்கினார் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். தியாகராய நகரின் கடைவீதிகளில் தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகளை நினைத்துப் பாருங்கள். பக்க இடைவெளி என்பது உயிர் சம்பந்தப்பட்டது.

எளிதான இடம் என்பதால் தேர்ந்தெடுத்தார்களா? பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளும் கரையிலும் நிற்கின்றன. தனியார் நிலம் எடுக்க வேண்டியதில்லை, வழக்கு இல்லை. ஆனால் கால்வாய் குறுகிப்போனது. பொது நிலம், நீர்நிலை, மேய்க்கால் ஆகியவை யாருடையதும் அல்ல என்று நினைத்துத் திட்டமிடுவது பழக்கமாகிவிட்டது. பள்ளிக்கரணையின் ஒரு பகுதி பல ஆண்டுகள் குப்பைக் கிடங்காக இருந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். 2022-இல் அந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

நடப்பவருக்கு எவ்வளவு? சென்னை மாநகராட்சி 2014-இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019-இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடைபாதை அழகாகும்போது அங்கே இருந்த வியாபாரி எங்கே போனார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: ஆட்சேபனைக் கடிதம்

நிலப் பயன்பாட்டை மாற்ற யாராவது விண்ணப்பித்தால், ஆட்சேபனை கோரி நாளிதழில் விளம்பரம் வரும். சிறிய எழுத்தில், உள்பக்கத்தில் இருக்கும். கிராமப் பெயர், புல எண், பரப்பு, இப்போதைய பயன்பாடு, கோரும் பயன்பாடு, கடைசி நாள் எல்லாம் அதில் உண்டு. உங்கள் தெருவில் நாளிதழ் வாங்கும் இரண்டு மூன்று பேரிடம், உங்கள் கிராமப் பெயர் கண்ணில் பட்டால் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வையுங்கள்.

கடிதம் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. கோபத்தை எழுத வேண்டாம். அதற்குக் காரணமானதை எழுதுங்கள். முதல் பத்தியில் விளம்பரத்தின் நாளும் புல எண்ணும். இரண்டாம் பத்தியில் நீங்கள் யார், அந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள். அதன்பின் காரணங்கள், எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றுடன். இப்படி:

“மேற்படி புல எண்ணின் கிழக்கு எல்லையை ஒட்டிய நிலம், அ பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று உள்ளது, நகல் இணைப்பு 1. 2023 டிசம்பர் மழையில் இவ்விடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது; நிழற்படங்கள் இணைப்பு 2. அணுகு சாலை தரையில் 7 மீட்டர் அகலமே உள்ளது. அளவீட்டுப் படம் இணைப்பு 3. ஆகவே வேளாண்மைப் பயன்பாட்டைக் குடியிருப்பாக மாற்ற வேண்டாம் என்றும், முடிவெடுக்கும் முன் நேரில் எங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் கோருகிறோம்.”

முடிந்தால் மாற்றும் சொல்லுங்கள்: வாய்க்காலுக்கு இருபுறமும் இவ்வளவு இடம் விட்டால் ஏற்கலாம், இந்தச் சாலை அகலமான பிறகு பரிசீலிக்கலாம் என்று. மறுப்பை மட்டும் எழுதும் கடிதத்தைவிட, வழியும் காட்டும் கடிதத்தை ஒதுக்குவது அலுவலருக்குக் கடினம். ஐம்பது பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்திடுவதைவிட, பத்துப் பேர் அவரவர் கண்டதைத் தனித்தனியாக எழுதுவது பயனுள்ளது.

பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர்-செயலருக்கு முகவரியிட்டு, எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். விதிமீறிக் கட்டுவது ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்றால் கடிதம் வேறு: 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்கீழ் நடவடிக்கை கோர வேண்டும்.

பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். “ஏன் அனுமதி கொடுத்தீர்கள்” என்று கேட்டால் ஒன்றும் வராது. “இந்தப் புல எண்ணுக்கு வழங்கிய திட்ட அனுமதியின் நகல், அங்கீகரித்த வரைபடத்தின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல்” என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

எட்டாம் படி: வார்டிலிருந்து முழுமைத் திட்டம் வரை

மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள் வந்தார்கள். வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைக்கும் அதே ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. பகுதி சபை கூடும் நாளைக் கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒரே ஒரு கோரிக்கையை வையுங்கள், எழுத்தில் கொடுங்கள், நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். பெண்களும் வாடகைக்குக் குடியிருப்போரும் வரும் நேரத்தில் கூட்டத்தை வைக்கச் சொல்வதும் ஒரு நல்ல கோரிக்கைதான்.

இரண்டாவது திட்டத்தின் காலம் முடிவதால், 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான பணிகள் நடக்கின்றன. வரைவு வெளியானால் ஆட்சேபனைக்குச் சட்டப்படி குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அடுத்த இருபது ஆண்டுக்கு நகரத்தின் நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் ஆவணத்துக்கு இரண்டு மாதம் மிகக் குறைவு. அதனால் வரைவு வந்த பிறகு வேலையைத் தொடங்கினால் முடியாது. இந்த மழைக்காலத்திலேயே தண்ணீர்க் குறிப்புகளை எடுங்கள். புல எண்களையும் அ பதிவேட்டு நகல்களையும் சேருங்கள். பூங்கா நிலங்களின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். வரைவு வந்ததும் உங்கள் வார்டுக்கான வரைபடத்தை மட்டும் அச்சிட்டு, இவற்றுடன் ஒப்பிட்டு, மாற வேண்டிய இடங்களைப் புல எண்ணுடன் எழுதுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மூன்று நகல்கள் கொண்டுபோங்கள்: ஒன்று அலுவலரிடம், ஒன்று கவுன்சிலரிடம், முத்திரை வாங்கிய ஒன்று உங்கள் கோப்பில்.